சம்பளப் பட்டியலை எல்லாரும் படிக்கலாம் என்று யார் சொன்னது?

ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கத்துத் தோல் அலுவலகமானாலும் காட்பாடி கல்லூரி லேபானாலும், பலரும் சேர்ந்து புழங்கும் லினக்ஸ் சர்வரில் திரும்பத் திரும்ப இதே கோலம்தான். சம்பளப் பட்டியல் 644 என்ற அனுமதியில் கிடக்கிறது (மூன்று இலக்கமும் வரிசையாக உரிமையாளர், குழு, மற்றவருக்கு; 4 படிக்க, 2 எழுத, 1 இயக்க அல்லது ஃபோல்டருக்குள் நுழைய). அந்த மெஷினில் லாகின் உள்ள யாரும் படிக்கலாம். பக்கத்திலேயே பொது ஃபோல்டர் 777, யாரும் அழிக்கலாம். பூட்ட வேண்டியதைத் திறந்து போட்டுவிட்டு, "பர்மிஷன் பிரச்சினையா, 777 போடு" என்று கடந்துபோகிறார்கள். தயவுசெய்து இதை நிறுத்துங்கள்.

புதுக் கோப்பின் அனுமதியைத் தீர்மானிப்பது யூமாஸ்க். இது கொடுக்கிற எண் அல்ல, பிடுங்குகிற எண். இதைக் கழித்தல் கணக்கு என்று சொல்லிக் கொடுப்பவர்கள்தான் பெரிய குழப்பத்துக்குக் காரணம். கோப்புக்குத் தொடக்கம் 666, யூமாஸ்க் 027. கழித்தால் 639 வரும். 9 என்று ஓர் அனுமதியே கிடையாது! ஒவ்வோர் இலக்கத்தையும் பிரித்துப் பாருங்கள். 6 என்றால் 4-உம் 2-உம். நடு இலக்கத்தில் 2-ஐப் பிடுங்கினால் மிச்சம் 4. கடைசியில் 7, அதாவது 4, 2, 1 மூன்றையும் பிடுங்கச் சொல்கிறது; 1 அங்கே முதலிலேயே இல்லை, மற்ற இரண்டும் போய் 0. விடை 640. ஃபோல்டருக்குத் தொடக்கம் 777, அதனால் 750.

சம்பளக் கணக்கைப் பார்க்கும் ஊழியருக்கு யூமாஸ்க் 077. குழு படிக்க மட்டும் வேண்டுமென்றால் 027. குழுவே சேர்ந்து எழுதினால் 007; அந்த ஃபோல்டரைக் குழுவின் பெயருக்கு மாற்றி 2770 போடுங்கள். முன்னால் உள்ள 2 இல்லாவிட்டால் புதுக் கோப்பு உருவாக்கியவரின் சொந்தக் குழுவுக்குப் போய்விடும், "எனக்கு சேவ் ஆகலை" என்று மறுநாளே போன் வரும். 007 கொடுக்கும் முன் அந்தப் பயனரின் முதன்மைக் குழு அவருக்கே உரியதா என்று பாருங்கள். எல்லாரும் ஒரே முதன்மைக் குழுவில் இருந்தால் அவருடைய மற்ற கோப்புகளிலும் எல்லாரும் கை வைக்கலாம்.

எங்கே எழுதுவது? பாஷ் (கட்டளைகளை ஏற்கும் ஷெல்) திறக்கும்போது படிக்கிற பாஷ்ஆர்சி கோப்பில் எழுதினால் பாஷ் டெர்மினலோடு சரி. எஸ்எஃப்டிபிக்கும் (நெட்வொர்க் வழியாகக் கோப்பு அனுப்புவது) கிரானுக்கும் (குறித்த நேரத்தில் தானாக ஓடும் வேலைகள்) அதை நம்பாதீர்கள். ஒரு பயனருக்கு மட்டும் என்றால் பயனர் கணக்கை மாற்றும் யூசர்மோட் கட்டளையின் மைனஸ் சி (பெயர் விவரப் பகுதி) மூலம் அவர் பெயரை அடுத்து காற்புள்ளி போட்டு, இடைவெளி இல்லாமல் 'யூமாஸ்க்=027' என்று சேருங்கள் (ஆங்கிலச் சின்ன எழுத்தில்). மைனஸ் சி பழைய விவரத்தை அழித்துவிடும், முதலில் குறித்துக்கொள்ளுங்கள். இதைப் படிப்பது, லாகினைக் கையாளும் பாம் அமைப்பின் யூமாஸ்க் மாட்யூல். பாம் செஷன் கோப்பில் அந்த வரி இருக்கிறதா என்று சரிபாருங்கள். பின்னணியில் ஓடும் சிஸ்டம்டி சர்வீஸ்களுக்கு இது பொருந்தாது, சர்வீஸின் அமைப்பை எழுதும் யூனிட் கோப்பில் தனியாக யூமாஸ்க் வரி வேண்டும்.

யூமாஸ்க் மாற்றினால் பழைய கோப்பு மாறாது. அதற்கு அனுமதியை மாற்றும் சிஎச்மோட் கட்டளையில் மைனஸ் ஆர் (பெரிய எழுத்து R, உள்ளே உள்ள எல்லாவற்றுக்கும்) போட்டு மற்றவர் அனுமதியை மட்டும் எழுத்து முறையில் (o-rwx) எடுங்கள். எண் கொடுத்தால் ஃபோல்டருக்கான 1 கோப்புகளிலும் ஏறிவிடும், இல்லையென்றால் ஃபோல்டர் திறக்காது. எம்வி கொண்டு நகர்த்திய கோப்பும் பழைய அனுமதியோடுதான் வரும்.

முழுக்க லாக் அவுட் செய்து மீண்டும் நுழையுங்கள். டெர்மினலில் ஒரு கோப்பு, ஃபைல் மேனேஜரில் ஒன்று, எஸ்எஃப்டிபியில் ஒன்று உருவாக்கி மூன்றையும் ஸ்டாட் கட்டளையில் பாருங்கள். 027-க்கு மூன்றுமே 640 காட்டினால்தான் வேலை முடிந்தது.