வேர்ல்: சூறாவளியா, சுழியா?

தேர்தல் காலம் வந்தால் வானொலியில் இந்தச் சொல்லும் வந்துவிடும். தலைவர் ஒருவர் நாளை திருகோணமலை மாவட்டத்தில் ‘சூறாவளிச் சுற்றுப்பயணம்’ மேற்கொள்கிறாராம். போன முறை பக்கத்து வீட்டு அக்கா முதற்பாதியை மட்டும் கேட்டுவிட்டு, வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, “தம்பி, திரும்பவும் சூறாவளியோ? எப்பவாம்?” என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. 2020 டிசம்பர் 2 இரவு புரெவிச் சூறாவளி எங்கள் ஊருக்குச் சற்று வடக்கே கரையேறியதை அவரும் மறக்கவில்லை, நானும் மறக்கவில்லை.

ஆங்கிலத்தில் வேர்ல் (whirl) என்றால் விரைவாகச் சுழல்வது. பழைய நோர்ஸ் மொழியில் திரும்புதல், சுற்றுதல் என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது. வேர்ல்பூல் நீர்ச்சுழி, வேர்ல்விண்ட் சுழல்காற்று. சொற்பிறப்பு இவ்வளவு போதும்.

சண்டை அந்த வேர்ல்விண்டில்தான். கொஞ்ச நேரத்தில் பல இடங்களைச் சுற்றி முடிக்கும் பயணத்தை ஆங்கிலத்தில் வேர்ல்விண்ட் டூர் என்பார்கள். அதை யாரோ சூறாவளியாக்கிவிட்டார். மற்றவர்கள் கேள்வி கேட்காமல் எடுத்துக்கொண்டார்கள். அகராதியைத் தூக்கிக்கொண்டு வருவீர்கள், தெரியும்: சூறாவளிக்குச் சுழல்காற்று என்ற பொருளும் அதில் உண்டு. சரி, இருக்கட்டும். கிழக்கிலங்கையில் சூறாவளி என்றால் 1978 நவம்பரில் மட்டக்களப்பைச் சிதைத்தது. 1964 டிசம்பரில் இலங்கையின் வடக்கைக் கடந்துபோய்த் தனுஷ்கோடியை அழித்தது. வளிமண்டலவியல் திணைக்களம் அந்தச் சொல்லைச் சொன்னால் படகைக் கரைக்கு மேலே இழுத்துக் கட்ட வேண்டும். அதே வானொலி, அதே சொல்லால் மேடைப் பேச்சையும் அறிவித்தால் எப்படி? சொல்லைப் பிரித்தாலும் சூறை என்றால் கொள்ளை, வளி என்றால் காற்று. (வாக்குக் கேட்டு வருகிறவருக்கு அந்த முதற்பாதி பொருந்தும் என்று ஒரு நண்பர் வாதிட்டார். அது வேறு கதை.)

வேகத்துக்கு உவமை என்றாலும் சரிவராது. சூறாவளிக்குள் காற்றுத்தான் வேகமாய்ச் சுழலும். சூறாவளி நகர்வது பெரும்பாலும் மணிக்கு 15, 20 கிலோமீட்டர், சைக்கிள் வேகம். புரெவி எங்களைக் கடந்து மன்னார் வளைகுடாவுக்குப் போய், ராமநாதபுரத்துக்குக் கிட்ட ஒரு நாளுக்கு மேல் அசையாமல் நின்றது. தலைவர் அப்படி நின்றால் அடுத்த ஊர்க் கூட்டம் என்னாவது?

வேர்ல்விண்ட் அதைவிட எவ்வளவோ சின்னது. கச்சான் காற்று வீசும் காலத்தில் மைதானத்து மண்ணையும் சருகையும் சுருட்டிக்கொண்டு எழும்பி, கொஞ்சத் தூரம் ஓடிக் காணாமல் போகுமே, அது.

சுழற்சிக்குத் தமிழில் பஞ்சமா? சுழி ஒன்றே போதும். தலைமயிரில் சுழி, எழுதத் தொடங்குமுன் பிள்ளையார் சுழி. கடலடிக்கு மூழ்கிப் போகிறவரை நாங்கள் சுழியோடி என்போம், சூட்டிகையான குறும்பனைச் சுழியன் என்போம். வேர்லுக்கு நெருங்கிய உறவான வோர்ல் (whorl) என்ற ஆங்கிலச் சொல்லும் தலைமயிர்ச் சுழியைக் குறிக்கிறது என்பது ஒரு நல்ல பொருத்தம்.

பயணத்துக்கு ‘விரைவுச் சுற்றுப்பயணம்’ போதும். சுற்று அதிலேயே இருக்கிறது. நிறம் வேண்டுமென்றால் ‘மாவட்டம் முழுவதும் பம்பரமாய்ச் சுழன்றார்’ என்று எழுதுங்கள். பம்பரம் யாருடைய கூரையையும் பிடுங்கியதில்லை.

தலை வேர்லில் இருக்கிறது என்று ஆங்கிலத்தில் சொன்னால், தமிழில் தலை கிறுகிறுக்கிறது. ஒன்றுக்கு வேர்ல் கொடுப்பது என்றால் ஒருமுறை செய்து பார்ப்பது, அவ்வளவுதான். அண்மையில் ஒரு விளம்பரப் பலகையில் ‘ஒரு சுழற்சி கொடுத்துப் பாருங்கள்’ என்று இருந்தது. சலவைத்தூளாக்கும் என்று நினைத்தேன். கிட்டப் போய்ப் பார்த்தால் தேயிலை.