பொசிஷன் இல்லாத அழைப்பு

"எஸ்.ஓ.எஸ். அனுப்பினாங்களே, அப்புறம் ஏன் யாரும் வரலை?" கடல் விபத்து பற்றிய பேச்சு எங்கே வந்தாலும் இந்தக் கேள்வியும் கூடவே வந்துவிடுகிறது. கப்பலுக்குப் போகவிருக்கும் பிள்ளைகள்கூட வகுப்பில் இதையேதான் கேட்கிறார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. ஆனால் சான்றிதழ் வாங்கி, பணியிலும் இருப்பவர்களின் வி.எச்.எஃப். என்ற கப்பல் ரேடியோவின் திரையில் 'நோ பொசிஷன்' (கப்பல் இருக்கும் இடம் தெரியவில்லை) என்ற எழுத்து நாள்கணக்கில் மின்னிக்கொண்டிருப்பதைத் திரும்பத் திரும்பப் பார்க்கும்போது எரிச்சல் வராமல் என்ன செய்யும்? அந்த ரேடியோவின் சிவப்பு அபாயப் பொத்தானை அழுத்தினால் ஹெலிகாப்டர் வந்துவிடும் என்று நினைக்கிறார்கள். எங்கே வரும்?

சினிமாவில் ரேடியோ ஆபரேட்டர் என்றால் நெற்றியில் வியர்வை, கையில் மோர்ஸ் கீ, மூன்று புள்ளி, மூன்று கோடு, மூன்று புள்ளி. அவ்வளவுதான் காட்டுவார்கள். அந்த ஒன்பது தட்டல்களை யாருக்கும் பத்து நிமிடத்தில் கற்றுக்கொடுத்துவிடலாம். எஸ்.ஓ.எஸ். செய்யும் வேலை ஒன்றே ஒன்று: அன்றைய ஆபத்து அலைவரிசையான 500 கிலோஹெர்ட்ஸில் பேசிக்கொண்டிருக்கும் மற்ற எல்லோரையும் நிறுத்தவைப்பது. காப்பாற்றுகிற செய்தி அதற்குப் பிறகுதான் வரும். கப்பலின் பெயர், பொசிஷன், என்ன ஆயிற்று. இந்த மூன்றிலும் பொசிஷன் போய்ச் சேரவில்லை என்றால் மற்ற இரண்டும் வீண். 108-க்கு போன் போட்டு, தெருப் பெயரைச் சொல்லாமல் "சீக்கிரம் வாங்க, சீக்கிரம் வாங்க" என்று கத்திவிட்டு வைப்பதைப் போலத்தான். கடலில் அந்தத் தெருவின் அகலமே பல நூறு மைல்.

1915 மே 7 அன்று அயர்லாந்துக்குத் தெற்கே லூசிடேனியா பயணிகள் கப்பலை ஜெர்மனியின் யூ-20 நீர்மூழ்கி தாக்கியது. பிற்பகல் 2.10-க்கு டார்பிடோ, 18 நிமிடத்தில் கப்பல் அடியில். ஆபரேட்டர் ராபர்ட் லீத் அனுப்பியது சுருக்கமான செய்தி: உடனே வரவும், கப்பல் பெரிதாகச் சாய்ந்திருக்கிறது, கின்சேல் ஓல்ட் ஹெட்டுக்குத் தெற்கே 10 மைல். அட்சரேகை, தீர்க்கரேகை கணக்குப் போட அங்கே யாருக்கும் நேரமில்லை. எல்லா மாலுமிக்கும் தெரிந்த ஒரு முனை, ஒரு திசை, ஒரு தூரம். போதும். மின்சாரம் விழுந்ததும் அவசர பேட்டரிக்கு மாறி லீத் தொடர்ந்து அனுப்பினார்.

அழைப்பு சரியாகப் போயும் சுமார் 1,200 பேர் இறந்தார்கள். கப்பல் சாய்ந்ததில் ஒரு பக்கத்துப் படகுகளை இறக்கவே முடியவில்லை. துறைமுகத்திலிருந்து படகுகள் வந்து சேர மணிக்கணக்கானது. தண்ணீரின் குளிர் அதுவரை காத்திருக்கவில்லை. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். முதலில் போய்ச் சேர்ந்தவற்றில் ஒன்று வாண்டரர் என்ற மீன்பிடிப் படகு. அதில் ரேடியோவே கிடையாது. கப்பல் சாய்வதைக் கண்ணால் பார்த்துத்தான் போனது. ரேடியோ வைத்திருப்பவர்கள் வெளிச்சக் குண்டு எதற்கு என்று கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் படகுதான் நினைவுக்கு வரும்.

இரண்டாம் உலகப் போருக்குள் கருவிகளும் விதிகளும் முன்னேறியிருந்தன. ரேடியோ அறைக் கடிகாரத்தில் ஒவ்வொரு மணியிலும் 15 முதல் 18-ஆம் நிமிடம் வரையும், 45 முதல் 48-ஆம் நிமிடம் வரையும் சிவப்புப் பட்டை இருக்கும். அந்த மும்மூன்று நிமிடமும் எல்லோரும் வாயை மூடி 500-ஐக் கேட்க வேண்டும். அதே கடிகாரத்தின் வெளி விளிம்பில் நான்கு நான்கு நொடிக்கு அடையாளம் போட்டிருக்கும். நொடி முள் அடையாளத்துக்குள் இருக்கும்வரை கீயை அழுத்து, இடைவெளியில் ஒரு நொடி விடு. இப்படிப் பன்னிரண்டு கோடு போட ஒரு நிமிடம். ஆபரேட்டர் தூங்கும் கப்பல்களில் இருந்த தானியங்கி எச்சரிக்கைக் கருவி, சரியான அளவில் அடுத்தடுத்து மூன்று நான்கு கோடுகள் விழுந்தால் மணியை அடித்து அவரை எழுப்பும். கை நடுங்கிக் கோடு மூன்று நொடியில் முடிந்தால் மணி அடிக்காது. பதற்றத்தில் கணக்கு மனதில் நிற்காது என்று தெரிந்துதான் அளவைக் கடிகாரத்திலேயே எழுதிவைத்தார்கள்.

போர்க்காலத்தில் எஸ்.ஓ.எஸ்.ஸோடு வேறு குறிகளும் வந்தன. நீர்மூழ்கி தாக்கினால் 'எஸ்' நான்கு முறை, போர்க்கப்பல் என்றால் 'ஆர்' நான்கு முறை, வணிகக் கப்பல் வேடத்தில் வந்த எதிரி என்றால் 'க்யூ' நான்கு முறை, விமானம் என்றால் 'ஏ' நான்கு முறை. நான்கு எழுத்தில் கப்பற்படைக்கு வேண்டிய தகவல் போய்விடும், அடுத்து பொசிஷன். தாக்கப்படும்வரை ரேடியோ மௌனம் கட்டாயம். பயணிகள் சொந்த ரேடியோப் பெட்டி வைத்திருக்கவும் தடை. கேட்கிற பெட்டிதானே, அதிலென்ன ஆபத்து என்று இன்றும் சிலர் கேட்பார்கள். அன்றைய பெட்டிகளில் பல, கேட்கும்போதே தாமும் சன்னமாக அலையைக் கக்கும். திசைகாட்டும் ஆன்டெனா வைத்திருப்பவனுக்கு அந்தச் சன்னம் போதும்.

டார்பிடோ வெடித்ததும் ரேடியோ அறையில் என்னவெல்லாம் கெடும்? எஞ்சின் அறையில் வெள்ளம் ஏறினால் டைனமோ போகும். அதை நம்பியிருக்கும் பெரிய டிரான்ஸ்மிட்டரும் போகும். அதனால்தான் தனி பேட்டரியில் ஓடும் அவசர செட்டைக் கப்பலின் மேல் தளத்தில் வைக்கச் சொன்னது, கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான 1929 சோலாஸ் உடன்படிக்கை. ஆறு மணி நேரம் விடாமல் ஓட வேண்டும்; பெரிய பயணிகள் கப்பலில் 80 மைல் எட்ட வேண்டும் என்பது விதி. ஆனால் கப்பல் சாய்ந்தால் பேட்டரியின் அமிலம் வழியும். அதிர்ச்சியில் வால்வின் கண்ணாடி நொறுங்கும். மோசமானது ஏரியல் அறுந்துபோவது. இரண்டு பாய்மரங்களுக்கு நடுவே கட்டிய கம்பி அது. மரம் அசைந்தால் இன்சுலேட்டர் உடைந்து கம்பி தளத்தில் விழும். உள்ளே இருப்பவருக்கு அது தெரியாது. கீ தட்டுகிறது, ஹெட்போனில் சத்தமும் ஒழுங்காகக் கேட்கிறது. ஏரியலில் ஓடும் மின்னோட்டத்தைக் காட்டும் அம்மீட்டரின் முள் மட்டும் பூஜ்யத்தில் படுத்திருக்கும். தேர்ந்த ஆபரேட்டர் காதை நம்ப மாட்டார். முள்ளைப் பார்ப்பார், அசையவில்லை என்றால் மாற்று ஏரியலைக் கட்ட ஓடுவார்.

பொசிஷன் எங்கிருந்து வரும்? கப்பலைச் செலுத்தும் மேடையான பிரிட்ஜிலிருந்து ஒரு துண்டுக் காகிதத்தில். காவல் மாறும்போதெல்லாம் புதுப்பித்து ரேடியோ மேசையில் வைக்க வேண்டும். குண்டு விழுந்த பிறகு பிரிட்ஜுக்கு ஆள் அனுப்பிக் கேட்டுக்கொள்ளலாம் என்பது நடக்காத காரியம். தொலைபேசி இருக்காது, விளக்கு இருக்காது, படிக்கட்டு முழுக்க ஜனம்.

அதீனியா இதில் நல்ல பாடம். பிரிட்டன் போர் அறிவித்த அதே 1939 செப்டம்பர் 3 அன்று மாலை, அயர்லாந்துக்கு வடமேற்கே யூ-30 அதைத் தாக்கியது. உள்ளே 1,418 பேர். வடக்கு 56 டிகிரி 42 நிமிடம், மேற்கு 14 டிகிரி 5 நிமிடம் என்ற பொசிஷனோடு அழைப்பு போனது. நார்வேயின் நூட் நெல்சன் பதில் கொடுத்தது. டார்பிடோ என்பதை அதன் கேப்டன் நம்பவில்லையாம், ஆனாலும் வருகிறார் என்று அதன் ஆபரேட்டர் சொன்னார். நம்பாதவரையும் வரவழைத்தது அந்த எண்கள்தான். சுவீடன்காரர் ஒருவரின் சதர்ன் கிராஸ் உல்லாசப் படகு, அமெரிக்காவின் சிட்டி ஆஃப் ஃபிளின்ட், பிரிட்டிஷ் நாசகாரிக் கப்பல்கள் எல்லாம் வந்தன. மறுநாள் காலைவரை மூழ்காமல் கப்பலும் ஒத்துழைத்தது. இறந்தவர்கள் 117 பேர். அதில் சுமார் 50 பேர் நூட் நெல்சனின் புரொப்பெல்லரில் உயிர்காப்புப் படகு சிக்கியதால் போனவர்கள். உதவிக்கு வந்த கப்பலின் பின்புறத்துக்குப் படகை ஒருபோதும் கொண்டுபோகாதீர்கள். இதைத் தனியாக ஒரு கட்டுரையில்தான் திட்ட வேண்டும்.

பொசிஷன் பிசகினால் என்ன என்பதற்கு லகோனியா. 1942 செப்டம்பர் 12 இரவு, மேற்கு ஆப்பிரிக்காவுக்கு அப்பால், சுமார் 2,700 பேருடன் போன கப்பல். பெரும்பாலோர் இத்தாலியப் போர்க்கைதிகள். 600 மீட்டர் அலையில் (அதே 500 கிலோஹெர்ட்ஸ்தான்) அது கொடுத்த பொசிஷன் தெற்கு 4 டிகிரி 34 நிமிடம், மேற்கு 11 டிகிரி 25 நிமிடம். அதைக் கேட்டு, தான் அடித்த கப்பலின் பெயரைத் தெரிந்துகொண்டது தாக்கிய யூ-156. தண்ணீரில் இருப்பவர்களைக் கண்ட அதன் தளபதி ஹார்டன்ஸ்டைன், மறுநாள் அதிகாலை வெளிப்படையான ஆங்கிலத்தில் எல்லாக் கப்பலையும் உதவிக்கு அழைத்தார். அவர் கொடுத்தது தெற்கு 4 டிகிரி 53 நிமிடம். வித்தியாசம் 19 நிமிடம். அட்சரேகையில் ஒரு நிமிடம் ஒரு நாட்டிகல் மைல். ஆக 19 மைல், 35 கிலோமீட்டர். படகில் நிற்பவரின் கண் இரண்டு மீட்டர் உயரத்தில் இருந்தால் அவருக்கு அடிவானம் மூன்று மைலில் முடிந்துவிடும். பெரிய கப்பலின் பிரிட்ஜிலிருந்து எட்டு, ஒன்பது மைல் தெரியலாம். தாழ்வான படகு அலை மடிப்பில் மறைந்தால் அதுவும் இல்லை. வெயிலும் நட்சத்திரமும் பார்த்துக் கணக்குப் போட்ட காலத்தில் 19 மைல் பிழை ஒன்றும் அதிசயமல்ல. இன்று ஜி.பி.எஸ். வைத்துக்கொண்டு 'நோ பொசிஷன்' காட்டுவதற்கு என்ன சாக்கு?

பொசிஷனுக்கு அடுத்தபடி ஆள் கணக்கு, படகுக் கணக்கு. 1940 செப்டம்பர் 17 இரவு, 90 பிள்ளைகளைக் கனடாவுக்கு ஏற்றிச் சென்ற சிட்டி ஆஃப் பெனாரஸ் கப்பல் டார்பிடோ பட்டு அட்லான்டிக்கில் மூழ்கியது. மாலுமிகளில் ஏராளமானோர் இந்தியர். கான்வாயில், அதாவது கூட்டமாகக் கூடவே வந்த மற்ற கப்பல்கள் நிற்கவில்லை. சிதறிப்போக வேண்டும் என்பதே உத்தரவு. சுமார் 300 மைல் தாண்டி ஹரிக்கேன் என்ற நாசகாரி மறுநாள் வந்து 105 பேரைத் தூக்கியது. அதே இரவில் மூழ்கிய மரீனா என்ற கப்பலின் படகு ஒன்றை பெனாரஸின் படகாக எண்ணிவிட்டதால், கணக்கு சரி என்று திரும்பிவிட்டார்கள். 46 பேருடன் 12-ஆம் எண் படகு எட்டு நாள் மிதந்தது. அதில் ஆறு பிள்ளைகள். எத்தனை படகு, எத்தனை பேர் என்பது தெளிவாகப் போய்ச் சேராவிட்டால் தேடுகிறவர்கள் இப்படித்தான் பாதியில் நிறுத்துவார்கள்.

நம் பக்கத்துக் கதை டிலாவா. பம்பாயிலிருந்து கிழக்கு ஆப்பிரிக்காவுக்குப் போன பயணிகள் கப்பல். 1942 நவம்பர் 23 அன்று இந்தியப் பெருங்கடலில் ஜப்பானின் ஐ-29 நீர்மூழ்கி அடித்தது. முதல் டார்பிடோவுக்குப் பிறகும் கப்பல் மிதக்கவே, படகிலிருந்து சிலர் திரும்ப ஏறினார்கள். இரண்டாவது டார்பிடோ வந்தது. முதல் ரேடியோ அதிகாரி டங்கன் கடைசிவரை அழைப்பை நிறுத்தவில்லை, கப்பலோடு போனார். 280 பேர் இறந்தார்கள், 678 பேர் மீட்கப்பட்டார்கள். மீட்புக் கப்பல் வந்தது 25-ஆம் தேதி. சரியாக அழைத்தவர்களுக்கே இரண்டு நாள். ஒருமுறை அனுப்பியாயிற்று, பதில் வந்தால் பார்க்கலாம் என்று கைகட்டி உட்காருகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இனி இன்றைய சங்கதி. மோர்ஸ் 1999-இலேயே ஓய்வுபெற்றுவிட்டது; தவறுகள் மட்டும் பணியில் தொடர்கின்றன. வி.எச்.எஃப். செட்டுக்கு ஜி.பி.எஸ். கம்பி இணைந்திருக்கிறதா என்று புறப்படும் முன் திரையைப் பாருங்கள். இணைப்பு அறுந்தால் பொசிஷனையும் யு.டி.சி. எனும் உலகப் பொது நேரத்தையும் கையால் போடுங்கள். நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது புதுப்பிக்க வேண்டும் என்பது விதி. அந்தக் காலத்துக் காவல் மாற்றத் துண்டுச்சீட்டின் அதே கணக்கு. கையால் போட்டு இருபத்து மூன்றரை மணி நேரம் தாண்டினால் செட் அதை அழித்துவிட்டு வெறும் ஒன்பதுகளாக அனுப்பும். ஒன்பதுகளை வைத்து யாரும் யாரையும் தேட முடியாது.

பழைய செட் வாங்கினால் அதில் முந்தைய உரிமையாளரின் எம்.எம்.எஸ்.ஐ. எண், அதாவது ரேடியோவின் அடையாள எண் கிடக்கும். மாற்றாமல் விட்டால் நீங்கள் மூழ்கும்போது மீட்பு மையம் அவர் வீட்டுக்குத்தான் போன் போடும். செயற்கைக்கோள் வழியே அபாயக் குறி அனுப்பும் பீக்கனான ஈ.பி.ஐ.ஆர்.பி.யும் அப்படியே. பெங்களூரு மையத்தில் பதிவு செய்யாத பீக்கன் யாருடையது, எத்தனை பேர் இருக்கும் படகு என்று துழாவுவதிலேயே பொன்னான நேரம் போகும். தயவுசெய்து பதிவு செய்யுங்கள்.

ஆபத்து வந்தால் மூடியைத் தூக்கி, சிவப்புப் பொத்தானைத் தட்டிவிட்டு விடாதீர்கள். திரையில் நொடி எண்ணிக்கை முடிந்து அனுப்பியாயிற்று என்று காட்டும்வரை பிடித்திருங்கள். பிறகு ஆபத்து அழைப்புக்கான சேனல் 16-இல் பேசுங்கள். 'மேடே' என்ற ஆபத்துச் சொல் மூன்று முறை, கப்பல் பெயர் மூன்று முறை, எம்.எம்.எஸ்.ஐ., பொசிஷன், என்ன ஆயிற்று, என்ன உதவி, எத்தனை பேர். பொசிஷனை நிறுத்தி நிறுத்தி, இலக்கம் இலக்கமாக. எண் தெரியாவிட்டால் லீத் செய்ததுபோல: எந்தக் கலங்கரை விளக்கம், எந்தத் திசை, எத்தனை மைல். பதில் வராவிட்டால் மறுபடி சொல்லுங்கள். கரையோரம் போன் எடுக்கிறது என்றால் கடலோரக் காவல்படைக்கு 1554. ஆனால் அதை மட்டுமே நம்பி நடுக்கடலுக்குப் போகாதீர்கள்.

தவறுதலாக அழுத்திவிட்டால் செட்டை அணைத்துவிட்டு ஒன்றும் தெரியாதவர்போல் இருக்காதீர்கள், தாயே, ஐயா! சேனல் 16-இல் பெயரைச் சொல்லி, தவறு, ரத்து என்று அறிவியுங்கள். யாரும் அடிக்க மாட்டார்கள். அப்படியே ஈ.பி.ஐ.ஆர்.பி.யின் பேட்டரித் தேதியையும், அதைத் தண்ணீருக்குள் விடுவிக்கும் ஹைட்ரோஸ்டாடிக் கருவியின் தேதியையும் பாருங்கள். அந்தக் கருவிக்கு ஆயுள் பொதுவாக இரண்டே ஆண்டு. மேலே பெயின்ட் அடித்து மூடிவைத்திருந்தால் தேதியும் தெரியாது, கருவியும் திறக்காது. சுரண்டிப் பார்க்க வேண்டாம், புதிதாக மாற்றுங்கள்.