எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள்

ஆடி மாதம், கச்சான் காற்று அடித்துக்கொண்டிருந்த நாட்கள். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே இருக்கும் படுவான்கரையிலிருந்து ஒரு பெரியவர் மகனோடு என் மரப் பொலிஷ் பட்டறைக்கு வந்தார். சாக்குக்குள்ளிருந்து அவர் எடுத்து வைத்தது ஒரு துவக்கின் சோங்கு, அதாவது அதன் மரப்பிடி. ஒரு பக்கம் புது எண்ணெய் மினுக்கம், மறுபக்கம் கரி.

பன்றியிடமிருந்து வெள்ளாமையைக் காக்க அவருடைய தகப்பன் காலத்தில் அனுமதிப்பத்திரம் எடுத்த துவக்கு அது. வருடா வருடம் புதுப்பித்து வைத்திருக்கிறார்கள். மரம் மங்கிப்போனதால் மகன் அதைக் கழற்றி, சாண்ட் பேப்பர் போட்டுத் தேய்த்து, லின்சீட் எண்ணெய் (ஆளிவிதை எண்ணெய்) பூசியிருக்கிறார். மிஞ்சிய எண்ணெயைப் பழைய சாரம் ஒன்றைக் கிழித்துத் துடைத்தார். அந்தத் துண்டுகளையும் தேய்த்த மரத்தூளையும் ஓர் உரப்பையில் அடைத்து விறாந்தை மூலையில் வைத்துவிட்டுப் படுத்துவிட்டார். நடுச்சாமத்தில் புகை. பை எரிந்து, பக்கத்தில் சாய்த்திருந்த சோங்கும் வாங்கும் கதவு நிலையும் பற்றியிருந்தன.

வீட்டில் யாரும் பீடி குடிப்பதில்லை. விளக்கு இல்லை, வயர் இல்லை. அப்படியென்றால் யாரோ வந்து கொளுத்தியிருக்க வேண்டும். பக்கத்து வளவுக்காரரோடு வேலிப் பிரச்சினை இருந்தது. பொலிசுக்குப் போகவும் நினைத்திருந்தார்கள்.

"யாரும் கொளுத்தவில்லை ஐயா, அந்தத் துணிதான் தானாகப் பற்றியது" என்றேன். பெரியவர் என்னை நம்பவில்லை. பொலிஷ் வேலையில் இருக்கும் எங்களில் பலருக்கே இது தெரியாது என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

தண்ணீர் காய்வது வேறு, இந்த எண்ணெய் காய்வது வேறு. தண்ணீர் ஆவியாகிப் போய்விடும். லின்சீட் எண்ணெய் எங்கும் போவதில்லை. காற்றிலுள்ள ஒட்சிசனைப் பிடித்து, இருந்த இடத்திலேயே இறுகுகிறது. இறுகும்போது சூடு வெளிவரும். சோங்கில் மெல்லிசாகப் பூசிய எண்ணெயின் சூடு காற்றோடு போய்விடும், உங்களுக்குத் தெரியவும் தெரியாது. சுருட்டிய துணியில் அப்படியில்லை. உள்மடிப்புகளில் எண்ணெய் வேலை செய்யப் போதுமான காற்று இருக்கும், சூடு வெளியேற வழி இருக்காது. சூடு ஏற ஏற எண்ணெய் இன்னும் வேகமாக இறுகும், அதனால் இன்னும் சூடேறும். சில மணி நேரத்தில் புகைந்து, பிறகு பற்றும். நெருப்புக்குச்சி தேவையில்லை. கச்சான் நாட்களில் நிழலிலேயே 35 பாகை இருக்கும் நம் பக்கத்தில் அந்தச் சூடு ஆறுவது இன்னும் கடினம்.

நான் வேலை பழகிய காலத்தில் ஒருநாள், கதிரைக்கு எண்ணெய் பூசிய துணிகளைக் கூடையில் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்து அடியில் கிடந்த துணியை எடுத்தபோது அவித்த முட்டை போலச் சுட்டது. பிரித்தால் உள்மடிப்பு பழுப்பேறி, கருகிய எண்ணெய் வாடை. இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று இப்போதும் நினைப்பேன்.

அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் 1991 பெப்ரவரி 23 அன்று 38 மாடிக் கட்டடமொன்றின் 22ஆம் மாடியில் தீ பிடித்தது. மரப்பலகைகளைத் துடைத்த லின்சீட் எண்ணெய்த் துணிகளை வேலையாட்கள் விட்டுப் போயிருந்தார்கள். தீயணைப்பு வீரர்கள் மூவர் இறந்தார்கள். பெரியவரிடம் இதைச் சொன்ன பிறகுதான் அவர் காது கொடுத்தார்.

மகன் ஒரு நல்ல கேள்வி கேட்டார்: "தேங்காயெண்ணெய்த் துணி குசினியில் எத்தனையோ நாளாகக் கிடக்கிறதே, அது ஏன் பற்றவில்லை?" எண்ணெய் எவ்வளவு ஒட்சிசனைப் பிடிக்கும் என்பதை அயடீன் எண் என்ற அளவு ஓரளவு காட்டும். தேங்காயெண்ணெய்க்கு அது 10க்குப் பக்கத்தில். லின்சீட்டுக்கு 170க்கு மேல். தேங்காயெண்ணெயை மரத்தில் பூசினால் காயாமல் பிசுபிசுத்து, காறல் வாடை அடிப்பதும் இதனால்தான். டின்னில் 'பொயில்ட்' (காய்ச்சியது) என்று இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். கடையில் விற்பது பெரும்பாலும் சீக்கிரம் காய்வதற்காகக் கோபால்ட், மங்கனீசு போன்றவற்றின் உப்புகள் சேர்த்த எண்ணெய். சீக்கிரம் காய்வது சீக்கிரம் சுடும்.

செய்ய வேண்டியது சின்ன வேலைதான். துடைத்த துணியை ஒவ்வொன்றாக விரித்து, வெளியே வேலிக் கம்பியிலோ வெறுந்தரையிலோ மடிப்பில்லாமல் போடுங்கள். ஒன்றின்மேல் ஒன்று படக்கூடாது. விறைத்துப் போகும்வரை அப்படியே கிடக்கட்டும். மழை நாளென்றால் மூடியுள்ள தகர டின்னில் தண்ணீர் நிரப்பி, துணியை முழுதாக அமிழ்த்தி மூடி வையுங்கள். வேலை முடிந்த களைப்பில் "நாளைக்குப் பார்ப்போம்" என்று விட வேண்டாம். அந்த இரவுதான் ஆபத்து.

சாண்ட் பேப்பரைப் பற்றியும் சொல்ல வேண்டும். எல்லோரும் முதலில் அதைத்தான் எடுக்கிறார்கள். என்னைக் கேட்டால் அது கடைசியாக எடுக்க வேண்டியது. இரும்பும் மரமும் சேருமிடத்தில் தேய்த்தால் மரம் பதிந்து, இரும்பு விளிம்பு வெளியே துருத்தும். போன மரத்தைத் திரும்பக் கொண்டுவர முடியாது. பழைய மெழுகும் அழுக்கும் டர்பன்டைன் தொட்ட துணியிலேயே பெரும்பாலும் போய்விடும் (அந்தத் துணியையும் விரித்துத்தான் போட வேண்டும்). அமுங்கிய பள்ளத்தின்மேல் ஈரத்துணி வைத்து அயன் பெட்டியால் கொஞ்ச நேரம் அழுத்துங்கள். நார் அறுந்திராவிட்டால் ஆவியில் ஊதி எழும்பும். இரும்புக்கு விட்ட எண்ணெய் ஊறி மரம் கறுத்திருந்தால், வெண்கட்டித் தூளை ஸ்பிரிட்டில் குழைத்து அப்பிக் காயவிட்டுத் தட்டுங்கள். தூள் எண்ணெயை உறிஞ்சும். இரண்டு மூன்று தடவை செய்ய வேண்டியிருக்கும்.

தேய்த்தே ஆகவேண்டுமென்றால் மூக்கை மூடுங்கள். மரத்தூள் மூக்குக் குழியில் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 1995இலேயே வகைப்படுத்திவிட்டது. ஐரோப்பியத் துவக்குகளில் வருவது வால்நட் மரம். உடைந்த சோங்குக்குப் பதிலாக நம்மூரில் முதிரையில் செய்து போட்டவையும் உண்டு. முதிரைத் தூள் சிலருக்குத் தோலில் பட்டால் கடித்துத் தடிக்கும். என் இரு கை மணிக்கட்டுகளிலும் அந்தத் தழும்பு இருக்கிறது.

எண்ணெய் பூசுவதில் பெரிய வித்தை இல்லை. மெல்லிசாகப் பூசி, கால் மணி நேரத்தில் மிச்சத்தைத் துடைத்துவிட்டு, ஒருநாள் முழுதும் விடுங்கள். வாடைக் காற்றுக் காலத்தில் மூன்று நாளும் எடுக்கும். ஒட்டினால் காயவில்லை என்று அர்த்தம்.

அப்புறம், துவக்கு முழுதாக என் பட்டறைக்குள் வருவதில்லை. குண்டு இல்லையென்று இரண்டு தடவை பார்த்து, சோங்கை மட்டும் கழற்றி எடுத்து வரச் சொல்வேன். இரும்புப் பகுதி உரிமையாளர் வீட்டிலேயே பூட்டியிருக்க வேண்டும். நம் மண்ணில் துவக்கு என்ற சொல்லைக் கேட்டாலே பலருக்கு வயிறு கலங்கும். அதை நான் மறப்பதில்லை.

பெரியவரின் சோங்கை நான் பொலிஷ் பண்ணிக் கொடுக்கவில்லை. கரி மேல்தோல்தான், சுரண்டினால் போயிருக்கும். ஆனால் கை பிடிக்கும் கழுத்தில் தலைமயிர் அளவு வெடிப்பு ஒன்று ஓடியிருந்தது. சுடும்போது உதைப்பு முழுதும் போவது அந்த இடத்தால்தான். உரிமம் பெற்ற துவக்குத் திருத்துநர் பார்க்காமல் பூட்டக்கூடாது என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தேன்.

அவர் உடனே எழும்பவில்லை. "அப்ப அந்தப் பக்கத்து வளவுப் பொடியன்ட மேல பிழை இல்ல" என்று மகனைப் பார்த்துச் சொன்னார். பட்டறை வேலியில் முதல் கிழமை காயப்போட்ட துண்டொன்று அப்பளம் போல விறைத்துத் தொங்கியது. அதைத் தரச் சொல்லிக் கேட்டு வாங்கிப்போனார். பக்கத்து வளவுக்காரருக்குக் காட்ட வேண்டுமாம்.