பானையோட்டை வைத்து ஆட்கணக்குச் சொல்லும் முன்

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரைப் பக்கம் ஏதாவது மேட்டில் நாலு கறுப்பு-சிவப்புப் பானையோடு கிளம்பினால் போதும், அன்றிரவே பேஸ்புக்கில் "ஆயிரக்கணக்கான மக்கள் வாழ்ந்த நகரம்" வந்துவிடும். களத்திலும் தொல்லியல் வேலை செய்யும் எங்களிடம் முதலில் கேட்பது அதுதான்: "எத்தின சனம் மனே இருந்திருக்கும்?"

ஓடு பரவிய நிலத்தை அளந்து ஹெக்டேயருக்கு இத்தனை பேர் என்று பெருக்குவது ஒரு வழி. மேற்காசியாவின் பழைய குடியிருப்பு மேடுகளுக்குப் பெரும்பாலும் 100 முதல் 200 வரை வைப்பார்கள். வேலி, கிணறு, தென்னை, மாட்டுப்பட்டி என்று விரிந்து கிடக்கும் நம் வளவுகளுக்கு அது எப்படிப் பொருந்தும்? இன்றைக்கே வீடுகள் நெருங்கிய காத்தான்குடியையும் வாவிக்கு அந்தப்பக்கத்து வயற்கிராமத்தையும் ஒரே எண்ணால் பெருக்க முடியாது.

வீட்டுத் தரையை அளப்பது இன்னொரு வழி. ஆளுக்குச் சுமார் 10 சதுர மீற்றர் என்று 1962இல் மானிடவியலாளர் ரவுல் நரோல் சொன்னார், 1987இல் பிரவுன் என்பவர் 6 போதும் என்றார். வீடு ஒன்றும் கூடவில்லை, சனம் மட்டும் ஒன்றரை மடங்குக்கு மேல் ஏறிவிட்டது! அதுவும் தரை மிஞ்சினால்தான். களிமண், கிடுகு வீட்டில் கம்பு நட்ட குழி கிடைத்தாலே பெரிய விஷயம்.

ஆனால் எங்களை உண்மையில் திணறடிப்பது, இந்த வீடுகளில் எல்லாம் ஒரே காலத்தில் ஆள் இருந்ததா என்பது. 2004 சுனாமிக்குப் பிறகு கரையோரக் குடும்பங்கள் பல உள்ளே புதுக் குடியேற்றங்களுக்குப் போயின, பழைய அத்திவாரம் அங்கே, புது வீடு இங்கே. போரில் இடம்பெயர்ந்தவர்களுக்கு இப்படி மூன்று நாலு வளவு இருக்கும். வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையில் வீடு வைத்துக்கொண்டு வேளாண்மைக் காலத்தில் வயலில் வாடி என்ற தற்காலிகக் குடில் போட்டுத் தங்குபவர்களை எந்தக் கணக்கில் சேர்ப்பது? பின்னால் தோண்டுகிறவருக்கு இதெல்லாம் தனித்தனிக் குடும்பமாகத்தான் தெரியும், பானையோட்டை மட்டும் பார்த்து நூறு வருட வித்தியாசம் பிரிப்பதே பாடு.

கதிரவெளி போன்ற, பெரிய கற்களை வைத்துப் புதைத்த பெருங்கற்கால ஈமக்காடுகளிலும் இதே சிக்கல்தான். ஒரு பேச்சுக்கு, 300 கல்லறை, கல்லறைக்கு ஒரு ஆள், 200 வருடப் பாவனை, சராசரி ஆயுள் 25 என்று வையுங்கள். 300ஐ 25ஆல் பெருக்கி 200ஆல் வகுத்தால் எந்த நேரத்திலும் உயிரோடு இருந்தது 37, 38 பேர். சில குடும்பங்கள், அவ்வளவுதான். அதே நேரம், குழந்தைகளையும் எளிய சனத்தையும் அங்கே புதைக்காமலே விட்டிருந்தால் கணக்கு மேலே போகும். அதனால்தான் ஒற்றை எண் சொல்கிறவரை நான் நம்புவதில்லை, இதிலிருந்து இதுவரை என்று சொல்கிறவரோடு பேசலாம்.

சரி, நீங்கள் செய்யக்கூடியது என்ன? வடிவான ஓட்டைப் பொறுக்கி வீட்டுக்குக் கொண்டு போகாதீர்கள், எங்களுக்கு ஓட்டைவிட அது கிடந்த இடம்தான் முக்கியம். உழவு மெஷின் ஓட்டை இழுத்துப் பரப்பிவிடுவதால் மேடு உண்மையைவிடப் பெரிதாகத் தெரியும், மண் அள்ளும் பெக்கோ கிரவலோடு அள்ளிப் போனால் கணக்கே இல்லை. தொல்லியல் என்றாலே காணி போய்விடும் என்ற பயம் இங்கே சும்மா வந்ததல்ல, அது எனக்கும் தெரியும். ஆனாலும் கிடந்தபடியே படம் எடுத்து, பக்கத்தில் ஒரு அளவுகோலோ பேனாவோ வைத்து, போனில் இடத்தையும் குறித்து வையுங்கள். சட்டப்படி அறிவிக்கும்போது அந்தப் படத்தின் பிரதி ஒன்று உங்கள் கையிலும் இருக்கட்டும்.