கடல்குதிரைக்கு வயிறு இல்லை

ஜனவரியில் ஒரு வீடியோ அழைப்பு. கடலூர் முதுநகர்ப் பெண், இப்போது ஆஸ்திரேலியாவில் இருக்கிறார். பண்ணையில் பிறந்த கடல்குதிரைகள் இரண்டு வாங்கி ஆறு மாதமாகிறது. ஒன்றின் வால் நுனி வெளுத்து, தோல் உரிகிறது. "என்ன மருந்து ஊத்தணும் டாக்டர்?" என்றார். மருந்து இருக்கட்டும், தொட்டியின் அடிப்பக்கத்தைக் காட்டுங்கள் என்றேன். பாறை இடுக்கில் முந்தின நாள் போட்ட இறால் பஞ்சு பூத்துக் கிடந்தது.

ஊரில் இருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுத் தொட்டி வாங்கக் கிளம்ப வேண்டாம். நம் நாட்டில் 2001-இல் கடல்குதிரையை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தார்கள். புலியைப் போலவே அதற்கும் சட்டப் பாதுகாப்பு உண்டு. தேவனாம்பட்டினத்தில் வலையில் உயிரோடு சிக்கினால் கடலிலேயே விட்டுவிடுங்கள்.

சரி, அந்தத் தொட்டிக்கு வருவோம். கடல்குதிரைக்குப் பல்லும் கிடையாது, வயிறும் கிடையாது. தின்றது குடலில் தங்காமல் பாதி செரித்தும் செரிக்காமலும் வெளியேறுவதால், ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறை தீனி போட வேண்டியிருக்கிறது. நீந்துவதிலும் மந்தம் என்பதால் நீரோட்டத்தை மெதுவாக வைக்கிறோம். மிச்சமெல்லாம் மூலையில் போய்ப் படிகிறது. வாலை இப்படி அரிக்கிற விப்ரியோ பாக்டீரியாவுக்கு அதுதான் விருந்து. தண்ணீர் சூடானால் இன்னும் வேகமாகப் பெருகும். வெப்பமண்டல வகைகளைக்கூட 23 டிகிரியைத் தாண்டவிடாமல் வைப்பது நல்லது. அங்கே அப்போது கோடை. அவர் தொட்டியில் 27.

என் அனுபவத்தில், மருந்துப் புட்டியைத் தேடுகிற வேகத்தில் பாதியைத் தெர்மாமீட்டரைப் பார்ப்பதில் காட்டினாலே பல மீன்கள் பிழைத்திருக்கும். அவை வாழும் தொட்டியிலேயே ஆண்டிபயாட்டிக்கைக் கொட்டினால் தண்ணீரைச் சுத்தம் செய்யும் நல்ல பாக்டீரியாவும் செத்து, அம்மோனியா ஏறும். நோயுற்றதைத் தனித் தொட்டிக்கு மாற்றி, உள்ளூர் கால்நடை மருத்துவரிடம் காட்டச் சொன்னேன். மாற்றும்போது தண்ணீருக்கு வெளியே தூக்கக் கூடாது, காற்றை விழுங்கிவிடும்.

அப்புறம் தீனி. உறைந்த இறாலைக் கரைத்துக் கழுவி, அந்த நீரைத் தொட்டியில் ஊற்றாமல் கொட்டிவிட வேண்டும். ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் வைத்துப் பழக்கினால் அதிலேயே வந்து தின்னும். அரைமணி நேரத்தில் மிச்சத்தைக் குழாய் வைத்து உறிஞ்சிவிடலாம். புதிதாக வருவது ஆறு வாரம் தனியாக இருக்கட்டும். வலை, வாளி எதையும் இரண்டு தொட்டிக்கும் பொதுவாக வைக்காதீர்கள். தின்னும்போது 'டக்' என்று ஒரு சத்தம் கேட்கும். ஒரு வேளைத் தீனியில் அந்தச் சத்தம் கேட்காவிட்டாலே கவனிக்கத் தொடங்குங்கள்.

மூன்று வாரம் கழித்து அவர் அனுப்பிய வீடியோவில் வால் நுனி கொஞ்சம் போயிருந்தது. மீதி வாலால் கிண்ணத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு தின்றுகொண்டிருந்தது. "பழைய தொட்டியில எப்ப விடலாம்?" என்று கேட்டார்.

அந்தத் தொட்டி இப்போது எத்தனை டிகிரி என்று கேட்டேன்.