துப்பினாலும் கணக்கில் சேரும்

"பையனுக்கு மூன்று வயது. தயிர்சாதம், அப்பளம், பிஸ்கட் தவிர எதை வைத்தாலும் தட்டையே தள்ளிவிடுகிறான். ஒன்றரை வயது வரை கீரை, பருப்பு, பூசணிக்காய் எல்லாம் சாப்பிட்டவன்தான். என்ன ஆயிற்று?" இது ஒரு வாசகியின் கேள்வி.

பெரும்பாலும் ஒன்றும் ஆகியிருக்காது. பிறந்த எடை ஓராண்டில் மூன்று மடங்காகிறது. இரண்டாம் ஆண்டு முழுக்கக் கூடுவது இரண்டு, இரண்டரை கிலோதான். வளர்ச்சி வேகம் தணிந்தால் பசியும் தணியும். அதே சமயத்தில் பிள்ளை நடக்கவும் தொடங்கிவிடுகிறது. கைக்கு எட்டியதை எல்லாம் வாயில் போட்டால் ஆபத்து என்பதாலோ என்னவோ, புது உணவின் மேல் ஒரு சந்தேகமும் கூடவே முளைக்கிறது. இரண்டு வயதிலிருந்து ஆறு வயது வரை இது உச்சத்தில் இருக்கும். பிரிட்டனில் 5,000-க்கும் மேற்பட்ட இரட்டையர் இணைகளை வைத்து 2007-ல் ஓர் ஆய்வு வந்தது. இந்தப் புத்துணவு அச்சத்தில் பிள்ளைக்குப் பிள்ளை காணும் வேறுபாட்டில் 78 சதவீதம் மரபணுவால் வருவது என்றது அது. 'வளர்ப்பு சரியில்லை' என்று சொல்லும் உறவினரிடம் இந்த எண்ணைக் காட்டலாம்.

அச்சம் பிறவியிலேயே வந்தது என்றால் மாற்ற முடியாதா? முடியும். எப்படி என்பதை எலியிடம் கேட்க வேண்டும்.

எலியால் வாந்தி எடுக்க முடியாது. நஞ்சைத் தின்றுவிட்டால் போனது போனதுதான். அதனால் புதிதாக ஒன்றைக் கண்டால் கடுகளவு கொறித்துவிட்டுக் காத்திருக்கும். எலிமருந்து வைத்து ஏமாந்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். சில மணி நேரத்தில் வயிறு ஒன்றும் சொல்லவில்லை என்றால், அடுத்த முறை கொஞ்சம் கூடுதலாகத் தின்னும். கேலட், ரோசின் என்ற இரு உளவியலாளர்கள் 1973-ல் இதற்குக் 'கற்ற பாதுகாப்பு' என்ற விளக்கத்தைக் கொடுத்தார்கள். 'இது கெடுதல்' என்பதைப் போலவே 'இது கெடுதல் இல்லை' என்பதும் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய பாடம்.

அந்தப் பாடம் எழுதப்படும் இடம் இன்சுலா. மூளையின் பக்கவாட்டு மடிப்புக்குள் ஒளிந்திருக்கும் இந்தப் பகுதிதான் சுவைக்கான புறணி, அதாவது சுவையைக் கையாளும் மூளை மேலடுக்கு. மெக்சிகோ தேசியப் பல்கலைக்கழகத்தில் பெர்மூதஸ்-ரத்தோனியின் குழு, எலிகளின் இன்சுலாவுக்குள் மெல்லிய குழாயை இறக்கி அங்கே சுரக்கும் அசிட்டைல்கோலினை, அதாவது நரம்புகள் செய்தி கடத்தப் பயன்படுத்தும் ஒரு வேதிப்பொருளை, அளந்தது. பழகிய தண்ணீரைக் குடித்தபோது கொஞ்சமே சுரந்தது. முதன்முறை சாக்கரின் என்ற செயற்கை இனிப்பு கலந்த நீரைக் கொடுத்ததும் அளவு எகிறியது. அதே நீரைத் திரும்பத் திரும்பக் கொடுக்க, இறங்கி இறங்கித் தண்ணீரின் அளவுக்கே வந்துவிட்டது.

இதை வெறும் அபாயமணி என்று நினைத்துவிடத் தோன்றும். அதே குழு 2003-ல் செய்த சோதனை அந்த எண்ணத்தைப் புரட்டிப்போட்டது. இன்சுலாவுக்குள் ஸ்கோபோலமின் செலுத்தி அசிட்டைல்கோலினின் வேலையைத் தடுத்தார்கள். (நம் ஊர் ஊமத்தையில் இருக்கிற சரக்குதான் ஸ்கோபோலமின்.) அந்த எலிகள் முன்பு குடித்த அதே சுவையை அடுத்த முறை மறுபடி புதிதாகவே பாவித்தன. குடித்தது உண்மை, ஆனால் பேரேட்டில் வரவு வைக்கப்படவில்லை. அப்படியானால் அசிட்டைல்கோலின் மணி மட்டும் அடிக்கவில்லை, அந்தக் கணக்கை எழுதும் மையாகவும் இருக்கிறது. ஒரே மூலக்கூறு 'புதுசு!' என்று கூவிக்கொண்டே, இனி அது புதுசாக இல்லாமல் போவதற்கான வேலையையும் செய்துவிடுகிறது. எத்தனை சிக்கனமான ஏற்பாடு!

குழந்தையின் மூளைக்குள் குழாய் இறக்க முடியாது. ஆனால் நடத்தையில் அதே போக்கு தெரிகிறது. அமெரிக்க உளவியலாளர் லியான் பிர்ச் 1982-ல் இரண்டு வயதுப் பிள்ளைகளுக்குப் புதுப் பண்டங்களைச் சிலவற்றை இரண்டு முறை, சிலவற்றை 20 முறை வரை கொடுத்தார். அதிகம் சுவைத்ததையே அதிகம் விரும்பினார்கள். 1987-ல் அவர் குழு இன்னொன்றையும் கண்டது: பார்க்க மட்டும் விட்ட உணவின் தோற்றம் பிடித்துப்போனது, சுவை பிடிக்கவில்லை. நாக்கில் பட்டால்தான் வரவு. விழுங்க வேண்டும் என்றுகூட இல்லை.

எத்தனை முறை என்றால், பொதுவாக எட்டிலிருந்து பதினைந்து. பெற்றோர் கைவிடுவதோ மூன்றாவது, ஐந்தாவது முறையில்.

செய்முறை இதுதான். ஒரே ஒரு காய். ஒரே மாதிரி வெட்டி, ஒரே பக்குவத்தில் வேகவைத்து, பட்டாணி அளவுத் துணுக்கு ஒன்று. நாளுக்கு ஒரு முறை, இரண்டு வாரம். சாப்பாட்டு நேரத்தில் வேண்டாம். மாலை நாலரை மணிவாக்கில், பசி எட்டிப்பார்க்கும்போது. பக்கத்தில் ஒரு காலிக் கிண்ணம், துப்புவதற்கு. நீங்களும் ஒரு துண்டை எடுத்துத் தின்னுங்கள். நக்கினால் போதும், முகத்தைச் சுளித்தாலும் பரவாயில்லை. சுவைத்ததும் கையில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டலாம். மறுத்தால் எடுத்து வைத்துவிட்டு நாளைக்குப் பார்க்கலாம்.

கெடுவது எங்கே? ஸ்டிக்கருக்குப் பதில் சாக்லேட் கொடுக்கும் இடத்தில். 'கேரட் தின்றால் சாக்லேட்' என்றால் கேரட் தண்டனை, சாக்லேட் பரிசு என்று பிள்ளை சரியாகவே புரிந்துகொள்கிறது. அடுத்தது, இன்று பீன்ஸ் பொரியல், நாளை சாம்பாரில் பீன்ஸ், மறுநாள் குருமாவில். உங்களுக்கு அது ஒரே காய். அவனுக்கு மூன்று புது உணவு, மூன்றுக்கும் ஒவ்வொரு வரவுதான். கீரையை அரைத்து இட்லி மாவில் ஒளித்தால் சத்து சேரும், கீரையின் சுவை பழகாது. கண்டுபிடித்துவிட்டானானால் இட்லியும் சந்தேகப் பட்டியலில் ஏறும்.

காய்ச்சல், வாந்தி நாட்களில் புது உணவே வேண்டாம். உளவியலாளர் ஜான் கார்சியா 1955-ல் எலிகளில் காட்டியது இது: சாக்கரின் குடிக்கும்போது கதிர்வீச்சால் குமட்டலுக்கு ஆளான எலிகள் பிறகு சாக்கரினையே வெறுத்தன. குமட்டல் பிந்தி வந்தாலும் பழி கடைசியாகத் தின்ற புதுச் சுவைமேல்தான் விழும். கசப்பு மருந்தைப் பிடித்த பாலிலோ பழத்திலோ கலந்து கொடுக்காதீர்கள். மருந்தும் உள்ளே போகாது, பாலும் கைவிட்டுப் போகும்.

பாலைச் சொன்னதும் நினைவுக்கு வருகிறது. நாளுக்கு அரை லிட்டருக்கு மேல் பால் குடிக்கும் பிள்ளைக்குப் பசி எங்கிருந்து வரும்? இரும்புச்சத்து உறிஞ்சப்படுவதையும் பால் குறைக்கும். மண், சாக்பீஸ், அரிசி என்று தேடித் தின்றால் ரத்தப் பரிசோதனை அவசியம். எடை இறங்கினாலோ, விழுங்கும்போது அடிக்கடி புரையேறினாலோ, ஏற்றுக்கொள்ளும் உணவுகள் ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டே வந்தாலோ ஸ்டிக்கரை நம்பிக் காத்திருக்க வேண்டாம், குழந்தை மருத்துவரிடம் போங்கள்.

போகக் கூடாத இடம் தொக்கம் எடுப்பவரின் திண்ணை. மாதக்கணக்கில் தொண்டையில் சிக்கிய சோற்றுருண்டை என்று ஒன்று கிடையாது. அப்படிச் சிக்கினால் பிள்ளை மூச்சுவிடவே முடியாது. குடல் தட்டுவதும் அதே ரகம்தான். மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் பசி டானிக்குகள் பலவற்றில் இருப்பது சைப்ரோஹெப்டடின் என்ற ஒவ்வாமை மருந்து. பசியோடு தூக்கத்தையும் கொண்டுவரும்.

எனக்கு ஓர் ஆதங்கம் உண்டு. இந்தத் துறையில் அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் ஆய்வுகளில் கேரட்டும் குடைமிளகாயும் ஆர்ட்டிசோக்கும்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. பாகற்காய்க்கு எத்தனை முறை, முருங்கைக்கீரைக்கு எத்தனை முறை? கையில் அங்கன்வாடிகளை வைத்திருக்கும் நாடு இதைத் தானே கண்டுபிடிக்க வேண்டும். கேட்கும் பணமும் பெரிதல்ல: காய், தராசு, இரண்டு வாரப் பொறுமை.

அந்த வாசகியின் பையனுக்குத் தயிர்சாதம் பிடிக்கும் என்பதால் வெள்ளரிக்காயில் தொடங்கலாம். தயிரில் கலக்காமல், தனித் தட்டில். தோல் சீவி, காம்புப் பக்கம் இரண்டு விரற்கடை வெட்டி எறிந்துவிடுங்கள். கசப்பு இருந்தால் அங்கேதான் கூடுதலாக இருக்கும். அவனுக்குக் கொடுக்குமுன் ஒரு துண்டை நீங்கள் தின்று பாருங்கள்.