777 கொடுத்தும் சேவ் ஆகவில்லையா? லேபிளைப் பாருங்கள்

போன மாதம் ஒரு சின்ன அலுவலகத்திலிருந்து அழைப்பு. விளம்பரங்களை வடிகட்ட ஃபெடோரா சர்வரில் பிரைவாக்ஸி போட்டிருக்கிறார்கள், வடிகட்டும் வேலை ஒழுங்காக நடக்கிறது, ஆனால் பிரவுசர் வழியாக ஒரு விதியை மாற்றி சேவ் கொடுத்தால் மட்டும் கோப்பில் எழுத முடியவில்லை என்று பிழை வருகிறது. நான் போவதற்குள் அங்கிருந்த தம்பி கோப்பின் உரிமையாளரை மாற்றி, யார் வேண்டுமானாலும் படிக்கலாம், எழுதலாம், இயக்கலாம் என்னும் 777 அனுமதியைக் கொடுத்து, சர்வரை ரீபூட் செய்தும் பார்த்துவிட்டார். கடைசியில் எஸ்இலினக்ஸ் என்ற பாதுகாப்பு அடுக்கு எதையும் தடுக்காமல் தற்காலிகமாக நிறுத்தும் 'செட்என்ஃபோர்ஸ் 0' கட்டளையை அடித்ததும் சேவ் ஆகிவிட்டது. "அண்ணா, எஸ்இலினக்ஸ்தான் வில்லன், நிரந்தரமா ஆஃப் பண்ணிடலாமா?" என்றார்.

வேண்டாம் என்றேன்.

777 எல்லாம் லினக்ஸின் வழக்கமான அனுமதி. எஸ்இலினக்ஸ் அதற்கு மேல் இன்னொரு காவல். ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு லேபிள், ஓடும் ஒவ்வொரு நிரலுக்கும் ஒரு லேபிள். எந்த நிரல் எந்த லேபிளைத் தொடலாம் என்பதைப் பாலிசி என்னும் விதித்தொகுப்பு சொல்லும். அதில் இல்லை என்றால் இல்லைதான், 777 என்ன, வேறு எதைக் கொடுத்தாலும் நடக்காது. கோப்புகளைப் பட்டியலிடும் 'எல்எஸ்' கட்டளையோடு, லேபிளையும் காட்டச் சொல்லும் பெரிய இசட் சேர்த்துப் பார்த்தோம். டாட் ஆக்‌ஷன் என்று முடியும் பிரைவாக்ஸியின் விதிக் கோப்புகளுக்கு, பிரைவாக்ஸி எழுதுவதற்கென்றே தனி லேபிள் உண்டு. இவர்களுடைய யூசர் ஆக்‌ஷன் கோப்பில் இருந்ததோ வெறும் 'ஈடிசி_டி', அமைப்புக் கோப்புகளுக்கான பொது லேபிள். அதைப் படிக்கலாம், எழுதக் கூடாது. விதிகள் வேலை செய்து சேவ் மட்டும் ஆகாததன் காரணம் அவ்வளவுதான்.

எப்படி மாறியது? தம்பி பழைய கோப்பை அழித்துவிட்டு பேக்கப்பிலிருந்து 'சிபி' செய்து, அதாவது நகலெடுத்துப் போட்டிருக்கிறார். புதிதாக உருவாகும் கோப்பு பொதுவாக அது இருக்கும் ஃபோல்டரின் லேபிளையே எடுத்துக்கொள்ளும். 'எம்வி' செய்து நகர்த்தினால் பழைய இடத்து லேபிளையே சுமந்துகொண்டு வரும், அது இன்னொரு தலைவலி.

பாலிசிப்படி இருக்க வேண்டிய லேபிளைத் திரும்ப வைக்கும் 'ரெஸ்டோர்கான்' என்று ஒரே கட்டளை, லேபிள் சரியானது. 'செட்என்ஃபோர்ஸ் 1' அடித்து எஸ்இலினக்ஸ் காவலை மீண்டும் போட்டு, மறுபடி சேவ் செய்து பார்த்தோம், போனது. அப்புறம் மறக்காமல் அந்த 777-ஐயும் திரும்ப எடுக்கச் சொன்னேன்.

நெட்டில் தேடினால், தடுக்கப்பட்டதை அனுமதிக்கும் விதியை உருவாக்கித் தரும் 'ஆடிட்2அலவ்' கருவியை ஓட்டுங்கள் என்று நிறைய பேர் சொல்வார்கள். இந்த இடத்தில் அதைக் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டியிருந்தால், 'ஈடிசி_டி' லேபிள் உள்ள எந்தக் கோப்பிலும் பிரைவாக்ஸி எழுதலாம் என்று பாலிசியே எழுதிக் கொடுத்திருப்போம். ஒரு கோப்பின் லேபிள் தப்பு என்பதற்காகப் பாலிசியில் ஓட்டை போடுவதா? முதலில் 'ஏயூசர்ச்' என்ற தேடல் கட்டளையை வைத்து ஆடிட் லாகில் ஏவிசி மறுப்பை, அதாவது எஸ்இலினக்ஸ் தடுத்ததற்கான பதிவைப் படியுங்கள். எந்த நிரல், எதை, என்ன செய்யப் போய்த் தடுக்கப்பட்டது என்று அந்த ஒரு வரியிலேயே இருக்கும்.

கிளம்பும்போதுதான் இன்னொன்று கண்ணில் பட்டது. பிரவுசர் வழி திருத்தும் வசதி பிரைவாக்ஸியில் இயல்பாக அணைந்தே இருக்கும். இவர்கள் திறந்துவிட்டிருந்தார்கள்; அதற்கென்று தனியாகப் பாஸ்வேர்டு வைக்கவும் வழியில்லை. பிரைவாக்ஸி இயங்கும் 8118 போர்ட்டும் அலுவலக நெட்வொர்க் முழுக்கத் திறந்திருந்தது, அதாவது வரவேற்பறைக் கணினியில் உட்காருபவர்கூட எல்லாருடைய விதிகளையும் மாற்றலாம். யோசித்துப் பார்த்தால் அந்தத் தப்பான லேபிள் தற்செயலாக ஒரு நல்ல காரியம்தான் செய்திருக்கிறது. திருத்தும் வசதியை அணைத்தோம். இப்போது தம்பி எஸ்எஸ்எச் வழியாக சர்வருக்குள் லாகின் செய்து போய்த்தான் விதியை மாற்றுகிறார், கொஞ்சம் முனகிக்கொண்டே.